என்னிடம் சொன்னது புதன்கிழமை

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், அண்ணாச்சி. ஜன்னல் ஓரம் உங்களுக்கே இருக்கட்டும். எனக்கு இந்தக் கம்பியைப் பிடித்துக்கொள்ள இடம் இருந்தால் போதும். திருநெல்வேலிதானே? நாங்களும் அங்கேதான். நாங்கள் என்றால் நானும் என் மகளும். மூன்று சீட் முன்னால், பச்சைச் சேலை, மடியில் பிளாஸ்டிக் ஃபைல் வைத்திருக்கிறாளே, அவள்தான். உலகம்மாள். சிவகாசியில் கட்டிக் கொடுத்திருக்கிறது. சங்கரன்கோவிலில் ஏறும்போதே கூட்டம். அவளுக்குப் பெண்கள் சீட்டில் இடம் கிடைத்தது, எனக்கு இங்கே.

நான் சத்தமாகப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். இந்த வண்டி இரைச்சலுக்கு இப்படிப் பேசினால்தான் கேட்கும்.

பதினோரு மணிக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். கல்யாணம் இல்லை. மாரடைப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று டாக்டர்கள் ஜனங்களுக்குச் சொல்கிற கூட்டம். வருஷா வருஷம் நடக்கிறது. என் வீட்டுக்காரி ஆவுடையம்மாளைத்தான் முன்பு மேடைக்குக் கூப்பிடுவார்கள். அவள் போன ஐப்பசியில் இறந்துவிட்டாள். அதனால் இந்த வருஷம் மகள் பேசுகிறாள். அந்த ஃபைலில் இருப்பது அவள் பேச்சுத்தான். நேற்று சாயங்காலம் எனக்கு வாசித்துக் காட்டினாள். நன்றாக எழுதியிருக்கிறாள். என் பிள்ளை. ஆனால் அதில் ஒரு வரி இருக்கிறது. "எங்க அம்மா மூணு நாள் வலியை யார்கிட்டயும் சொல்லாம மறைச்சுட்டாங்க. அப்பாவுக்குத் தெரிஞ்ச அன்னைக்கே அப்பா காப்பாத்திட்டாங்க." வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "நல்லாருக்காப்பா?" என்றாள். "நல்லாருக்கு" என்றேன்.

அந்த வரி பொய், அண்ணாச்சி. அவள் மேடை ஏறுவதற்குள் அதை அவளிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் செத்துப்போன மனுஷி மேல் முந்நூறு பேர் முன்னால் அவள் மகளே பழியைச் சொல்லுவாள். காலையில் இட்லி சாப்பிடும்போது சொல்லலாம் என்று இருந்தேன். பஸ் ஸ்டாண்டில் சொல்லலாம் என்று இருந்தேன். இப்போது அவள் அங்கே, நான் இங்கே.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

நான் டவுன் பஞ்சாயத்தில் முப்பத்தோரு வருஷம் பம்ப் ஆபரேட்டர். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். ஆனால் படிப்பை நிறுத்தவில்லை. மோட்டார் ரூமில் தொட்டி நிறைகிறவரை என்ன வேலை? படிப்பேன். பேப்பர், லைப்ரரிப் புஸ்தகம், மளிகை மடித்து வருகிற காகிதம் வரை எழுத்து இருந்தால் விடமாட்டேன். தெருவில் யாருக்கு என்ன நோய் என்றாலும் முதலில் என்னிடம்தான் கேட்பார்கள். ஆவுடைக்கு எழுத்துத் தெரியாது. கையெழுத்துப் போடுவாள், அவ்வளவுதான். பேப்பரில் என்ன போட்டிருக்கிறது என்று நான் வாசித்தால் காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். பேப்பரில் வந்துவிட்டால் அவளுக்கு அது சத்தியம்.

நான் ரிட்டயரான மறு வருஷம் அவள் அண்ணன் கோமதிநாயகம் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி ஆவுடையிடம், "உங்க வீட்டுக்காரவுக என்ன வேலை பாத்தாவ?" என்று கேட்டாள். நான் பின்னால் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஆவுடை என்ன சொன்னாள் தெரியுமா? "தண்ணி தொறந்து விடுத வேலை."

தண்ணீர் திறந்து விடுகிற வேலை. முப்பத்தோரு வருஷம்!

நீங்கள் சிரிக்கிறீர்கள். அவளும் அப்படித்தான் சிரித்தாள். "வேற என்ன சொல்ல? அதத்தானே செஞ்சிய?" என்றாள். அன்றோடு பேச்சு நின்றது. நான்தான் நிறுத்தினேன் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அவளும்தான் நிறுத்தினாள்.

எங்கள் வீட்டில் அது புதிது இல்லை. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை வரும். பேச்சு இல்லாவிட்டாலும் சோறு வரும், துணி துவைத்து மடித்து வரும். சொல்ல வேண்டியதை எதையாவது பார்த்துச் சொல்லிக்கொள்வோம். பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று எந்நேரமும் எங்கள் அடுக்களையில்தான் நிற்கும். அவள் அதனிடம் சொல்லுவாள். "ஏ கோழி, அரிசி தீந்து போச்சு. நாளைக்கு யாரும் கேக்கக்கூடாது பாத்துக்கோ." நான் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, செய்தி வாசிக்கிற மாதிரி பதில் சொல்லுவேன். "இன்று மாலைக்குள் அரிசி வந்து சேரும் என அதிகாரிகள் தெரிவித்தனர்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும், அடக்கிக்கொள்வாள். சில சமயம் அப்படியே ராசியாகிவிடுவோம். அந்தத் தடவை ஆகவில்லை. பதினோரு நாள் ஓடிவிட்டது.

பன்னிரண்டாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணி இருக்கும். நான் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் சட்னிக்கு அரைத்துக்கொண்டிருந்தவள் மிக்ஸியை நிறுத்திவிட்டு, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"ஏ கோழி," என்றாள். "நெஞ்சுல கல்லத் தூக்கி வச்சாப்ல இருக்கு. எடது கை கடுக்குது. வேத்து ஊத்துது."

எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. ஆனால் அண்ணாச்சி, நியாயமாக ஒன்று யோசித்துப் பாருங்கள். கோழியிடம் சொன்னதற்கு நான் எப்படி எழுந்து போவது? எழுந்து போனால் நான் தோற்றதாக ஆகும். என் பெயரைச் சொல்ல வேண்டாம், "இந்தாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே எழுந்திருப்பேன்.

பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசித்தேன். "நெஞ்சில் பாரம், கை கடுப்பு ஆகியவை வாயுத் தொல்லையின் அறிகுறிகள். ஓமத் தண்ணீர் இரண்டு வேளை அருந்தினால் மூன்று நாளில் குணமாகும்."

அந்தப் பக்கத்தில் இருந்தது பாபநாசம் அணையின் நீர்மட்டம்.

அவள் எழுந்து ஓமத் தண்ணீர் போட்டுக் குடித்தாள்.

திங்கட்கிழமை கோழியிடம், "கொஞ்சம் தேவல. நடந்தாத்தான் மூச்சு வாங்குது" என்றாள். நான் வாசித்தேன்: "தொடர்ந்து அருந்த வேண்டும்." செவ்வாய்க்கிழமை கோழியிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். என் தட்டில் இட்லி வந்தது. ஆறிப்போன இட்லி. வேண்டுமென்றே ஆற வைக்கிறாள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு வந்து என் முன்னால் நின்றாள். பேப்பரைக் கையால் கீழே இறக்கினாள். உதடு வெளுத்திருந்தது.

"ஏங்க, எனக்கு முடியல."

அப்போது எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? யாரிடமும் இதைச் சொன்னதில்லை. "அவளே முதல்ல பேசிட்டா." அதுதான் தோன்றியது. ஒரு விநாடி, ஒரு விநாடிதான், சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

அதன் பிறகு நான் தாமதம் செய்யவில்லை. ஆறேமுக்காலுக்கு வாசலில் ஆட்டோ. சங்கரன்கோவிலில் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு உடனே ஆம்புலன்சில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரி. டாக்டர் பெயர் எப்சிபா. கெட்டிக்காரி. வயது நாற்பதுக்குள்தான் இருக்கும்.

"வலி எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டார்.

"காலையில ஆறரைக்கு."

கையில் ஊசி மாதிரி ஒரு குழாய் விட்டு, அடைத்த ரத்தக் குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வெளியே வந்து டாக்டர் திரும்பவும் கேட்டார். "அய்யா, நிச்சயமா இன்னைக்குத்தானா? இதயத்தப் பாத்தா இன்னைக்கு வந்த பாதிப்பு மாதிரித் தெரியலையே."

"என்கிட்ட சொன்னது இன்னைக்குக் காலையிலதான், டாக்டர்."

நான் பொய் சொல்லவில்லை, கவனித்தீர்களா? என்னிடம் சொன்னது புதன்கிழமைதான்.

இது என்ன ஊர், தேவர்குளமா? இறங்குகிறவர்கள் இறங்கட்டும். உலகு திரும்பிப் பார்க்கிறாள். ஒன்றும் இல்லை, அப்பா இருக்கிறாரா என்று பார்க்கிறாள். ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை, நீ உட்காரு.

எங்கே விட்டேன்? வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆவுடைக்குத் திடீரென்று மூச்சு இழுத்தது. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டவர் அப்படியே முகம் மாறினார். ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பிறகு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு காகிதத்தில் படம் போட்டார்.

"இதயத்துல கீழ ரெண்டு அறை இருக்கு அய்யா. நடுவுல ஒரு சுவரு. மாரடைப்புல அந்தச் சுவத்துல ஒரு இடம் செத்துப்போச்சு. செத்த இடம் ஊறி ஊறி இன்னைக்குக் கிழிஞ்சிட்டு. உடம்புக்குப் போகவேண்டிய ரத்தம் ஓட்டை வழியா அடுத்த அறைக்குப் போகுது."

"ரெண்டு தொட்டி. நடுச்சுவர் கசியுது" என்றேன்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "கரெக்ட். நீங்க என்ன வேலை பாத்திய?"

"பம்ப் ஆபரேட்டர்."

"அதான். டக்குனு பிடிச்சிட்டியளே, ஆபரேட்டர் சார்."

அவள் அங்கே மூச்சுக்குத் தவிக்கிறாள். எனக்கு இங்கே ஆபரேட்டர் சார் என்று கேட்டதும் முதுகு நிமிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த டாக்டர் என்னை ஆபரேட்டர் சார் என்றுதான் கூப்பிட்டார். அவர் முகத்தைப் பார்த்துக் கோழி விஷயத்தை எப்படிச் சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.

நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தால் அவள் தாங்கமாட்டாள் என்றார்கள். தையல் போட்டாலும் நிற்காது, சுவர் அவ்வளவு நைந்து கிடக்கிறது என்றார்கள். வேறு ஒரு வழி இருக்கிறது. தொடையில் ரத்தக் குழாய் வழியாக மெல்லிசான குழாயை இதயம் வரை விடுவது. அதற்குள் மடக்கி வைத்த ஒரு கம்பி வலை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு வட்டம் விரியும், இந்தப் பக்கம் ஒரு வட்டம் விரியும். இரண்டும் சேர்ந்து சுவரைக் கவ்விக்கொள்ளும், சட்டைப் பொத்தான் மாதிரி.

"அப்ப இப்பவே வச்சிருங்களேன், டாக்டர்."

"இப்ப வச்சா பிச்சுக்கிட்டு வந்துரும். ஓட்டை பெருசாயிரும். ஓரம் இறுகணும். மாரடைப்பு வந்து குறைஞ்சது பதினாலு நாள் ஆகணும். அதுவரைக்கும் மெஷின் வச்சு ஓட்டிப் பாப்போம்."

எனக்கு இது புரியாமல் இருக்குமா? தொட்டியில் விரிசலைப் பூசினால் பூச்சு இறுகுமுன் தண்ணீர் ஏற்றக் கூடாது. ஏற்றினால் பூச்சும் தண்ணீரோடு வந்துவிடும். எத்தனை நாள் ஆயிற்று என்பதுதான் கேள்வி. டாக்டர் புதன்கிழமையிலிருந்து எண்ணினார். கட்டில் தலைமாட்டில் தொங்குகிற அட்டையில் தினமும் காலையில் நர்ஸ் எழுதும். நாள் நான்கு. நாள் ஐந்து. நாள் ஆறு. நான் பக்கத்தில் நின்று மனதுக்குள் மூன்றைக் கூட்டிக்கொள்வேன்.

அடுத்த சனிக்கிழமை காலை அட்டையில் நாள் பதினொன்று. ஆவுடைக்குச் சிறுநீர் நின்றுபோயிருந்தது. கால் நீர் கோத்து விளக்கு மாதிரிப் பளபளத்தது. டாக்டர் என்னையும் உலகுவையும் கூப்பிட்டார்.

"மூணு நாள் குறையுது, ஆபரேட்டர் சார். இன்னைக்குச் செஞ்சா கிழிஞ்சிருமோன்னு பயமா இருக்கு. மூணு நாள் காத்திருந்தா அவங்க இருக்கமாட்டாங்க. எனக்கு இந்த மூணு நாள்தான் வேணும்."

உலகு அழுதாள். நான் வெளியே வந்து வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தேன். மூன்று நாள் வேண்டும் என்கிறார். மூன்று நாள் என்னிடம் இருக்கிறது. ஞாயிறு, திங்கள், செவ்வாய். எடுத்துக் கொடுத்தால் அவள் பிழைத்தாலும் பிழைப்பாள். கொடுக்க வேண்டும் என்றால் நான் பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைச் சொல்ல வேண்டும். மகள் நிற்கிறாள். மச்சினன் கோமதிநாயகம் கீழே டீ வாங்கப் போயிருக்கிறார். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று கேட்காதீர்கள். அரை மணி நேரம். உயிருக்குப் போராடுகிற மனுஷியை வைத்துக்கொண்டு அரை மணி நேரம்.

பிறகு எழுந்து போய்ச் சொன்னேன்.

"டாக்டர், வலி ஞாயித்துக்கிழமையே வந்திட்டு. புதன் இல்ல."

டாக்டர் எழுந்தே விட்டார். "யார் சொன்னா?"

என்ன சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனேனோ அது வரவில்லை, அண்ணாச்சி. வாயில் வேறு வந்தது.

"அவதான். இப்பத்தான் என்கிட்ட சொன்னா. மூணு நாளா எங்ககிட்ட மறைச்சிருக்கா."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "இந்தப் பொம்பளைகளே இப்படித்தான்!" என்று சொல்லிக்கொண்டு நேரே ஆவுடை கட்டிலுக்குப் போனார். நானும் பின்னால் போய்க் கால்மாட்டில் நின்றேன்.

"அம்மா, இங்க பாருங்க. ஞாயித்துக்கிழமையே வலி வந்திட்டா?"

மூக்கில் மாஸ்க். தலையை மட்டும் ஆட்டினாள்.

"நெஞ்சுல பாரமா? கை கடுப்பா? வேர்த்துச்சா?"

ஆட்டினாள்.

"ஏம்மா, இத வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

ஆவுடை டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மெல்லக் கையைத் தூக்கி மாஸ்கை விலக்கினாள்.

"தப்புத்தான் டாக்டர். சொல்லியிருக்கணும்" என்றாள்.

அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். மூன்று மணி நேரம். டாக்டர் வெளியே வந்தபோது தொப்பியெல்லாம் வேர்வை. "கவ்விக்கிச்சு" என்றார். "ஓரத்துல லேசாக் கசியுது. போகப் போகக் குறையும். அந்த மூணு நாளச் சொல்லாம விட்டிருந்தா நான் இன்னைக்குத் தொட்டிருக்கவே மாட்டேன், ஆபரேட்டர் சார்." டிவி மாதிரி ஒரு திரையில் காட்டினார். கறுப்பும் வெள்ளையுமாக இதயம் அடித்துக்கொண்டிருந்தது. நடுவில் அந்தப் பொத்தான் அசையாமல் நின்றது.

நாலு வருஷம் எட்டு மாதம் இருந்தாள், அண்ணாச்சி. சமைத்தாள், கோவிலுக்குப் போனாள், பேத்திக்குத் தலை பின்னிவிட்டாள்.

வீட்டுக்கு வந்த முதல் மாதம் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவளைத்தான் ஏசினார்கள். அவள் அண்ணன் கட்டில் பக்கத்தில் நின்று, "ஏளா, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த, மூணு நாளும்? மாப்ள மட்டும் அன்னைக்கு ஆட்டோவக் கொண்டாரலேன்னா என்ன கதி?" என்று சத்தம் போட்டார். என் தோளில் தட்டினார். "மாப்ள, நீரு மனுசன்வே." உலகுவும்தான். "அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னம்மா?" ஆவுடை எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னாள். "அப்ப புத்தி இல்ல." நான் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் பேசாமல் இருந்ததே இல்லை. ஒரு நாள்கூட இல்லை. கோழி வந்தால் விரட்டிவிடுவாள். காலில் முள் குத்தினால்கூட என் முன்னால் வந்து நின்று, "ஏங்க, உங்களப் பாத்துத்தான் சொல்லுதேன். வலது கால்ல முள்ளு. இப்ப மணி எட்டே கால்" என்பாள். குத்திக் காட்டுகிறாள் என்று முதலில் கோபம் வந்தது. அவள் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த மருந்து மாதிரி அதைச் செய்துகொண்டிருந்தாள்.

மறு வருஷம் டாக்டர் இந்த மண்டபக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார். ஆவுடையை மேடையில் ஏற்றி, "இந்த அம்மா மாதிரி வலிய மறைக்காதீங்க" என்று ஜனங்களுக்குக் காட்டினார். இவள் எழுந்து எல்லாரையும் கும்பிட்டாள். "ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா" என்று மைக்கை நீட்டினார்கள். வாழ்நாளில் மைக்கைப் பிடிக்காதவள். வாங்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "வலி வந்தா வீட்டுக்காரவுககிட்ட நேரா சொல்லிருங்க. கோழிகிட்ட சொல்லாதிய."

மண்டபமே சிரித்தது. கிராமத்து அம்மா என்னமாய்ப் பேசுகிறது என்று கை தட்டினார்கள். நானும் சிரித்தேன். முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு நானும் கை தட்டினேன்.

வருஷா வருஷம் கூப்பிட்டார்கள். வருஷா வருஷம் போனாள். அந்த மறைத்த பாவத்தை வருஷா வருஷம் மேடையில் ஒப்புக்கொண்டு, பொன்னாடை வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஒரே ஒரு தடவை கேட்டாள். போன வருஷம் புரட்டாசி. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். நான் பேப்பரை எடுத்தேன்.

"ஏங்க, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளேன்."

"அந்த ஞாயித்துக்கிழமை, பேப்பர்ல மெய்யாவே ஓமத்தண்ணி போட்டிருந்துச்சா?"

அண்ணாச்சி, வீட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. மகள் இல்லை, மச்சினன் இல்லை, டாக்டர் இல்லை. யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் என்னை ஏசப்போவதும் இல்லை. இத்தனை வருஷம் சுமந்தவள். எழுத்துத் தெரியாத மனுஷி, எழுத்துத் தெரிந்தவனிடம் கேட்கிறாள்.

"போட்டிருந்துச்சு" என்றேன்.

அவள் மூச்சை விட்டாள். "அப்பச் சரி" என்றாள். "நான்கூட இவ்வளவு நாளா உங்க மேல சந்தேகப்பட்டுட்டேன். பேப்பர்க்காரன் செஞ்ச தப்புக்கு நீங்க என்ன செய்வீங்க?" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

குடித்தேன்.

அடுத்த மாதம் காய்ச்சல் வந்து ஐந்து நாளில் போய்விட்டாள். அந்தக் காய்ச்சல் வந்த நாள், நேரம் எல்லாம் சரியாகச் சொன்னாள். நானும் உடனே கொண்டுபோனேன். அதில் ஒரு குறையும் இல்லை. டாக்டர் எப்சிபா வந்து பார்த்துவிட்டு, இதயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பொத்தான் அப்படியே நிற்கிறது என்றார். எனக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார்.

மானூர் தாண்டிவிட்டதா? அப்படியென்றால் இன்னும் முக்கால் மணி நேரம்கூட இல்லை.

உங்களுக்காக நான் இவ்வளவு சத்தமாகச் சொல்லவில்லை என்று உங்களுக்கே எப்போதோ தெரிந்திருக்கும். மூன்று சீட்தானே என்று பார்த்தேன். வண்டி இரைந்துகொண்டு மேட்டில் ஏறும்போது நிறுத்தி, இறங்கும்போது சொன்னேன். அவள் காதில் விழுந்துவிட்டால் நான் சொன்னதாகவும் ஆயிற்று, சொல்லாததாகவும் ஆயிற்று. நாளைக்குக் கேட்டால், "யாரோ ஒரு அண்ணாச்சியிடம் பேசிக்கொண்டிருந்தேன், உனக்கு என்ன கேட்டதோ" என்று சொல்லிவிடலாம். அறுபத்தாறு வயதுக்கு இதுதான் நான் படித்த படிப்பு.

பாருங்கள், அவள் ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறாள். பேனாவை எடுத்திருக்கிறாள். எழுதுகிறாளா, அந்த வரியை அடிக்கிறாளா? இங்கேயிருந்து தெரியவில்லை. முந்தானையை எடுத்து முகத்தில் வைக்கிறாள். தூசியாக இருக்கும். ஜன்னல் திறந்திருக்கிறது, தூசி அடிக்கத்தான் செய்யும்.

இல்லை. இப்படியே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் டவுன் வந்துவிடும்.

வருகிறேன், அண்ணாச்சி. நான் எழுந்துகொள்கிறேன். வண்டி ஓடட்டும், பரவாயில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விடுவேன். அவள் பக்கத்தில் இடம் இல்லாவிட்டால் என்ன, முன்னால் போய் நின்றுகொண்டு சொல்கிறேன்.